புள்ளி விழுந்த இலை

இப்போதெல்லாம் எவனுக்கும் "தெரியாது" என்று சொல்ல வாய் வருவதில்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு செல்போனை மரத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அது வேம்பு என்று சொன்னால்தான் வேம்பு. போன வருடம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் என் மடியில் இருந்த வெற்றிலைக் கட்டைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது மிளகுக் குடும்பம்" என்று எனக்கே பாடம் நடத்தினான். பிறந்ததிலிருந்து கொடிக்காலில் கிடக்கிறவன் நான். எந்தக் குடும்பம் என்று அவனிடம் கேட்டேனா? கேட்காததைச் சொல்வதற்குப் பெயர்தான் இப்போது படிப்பு.

அந்தக் குடும்பப் பேச்சே பின்னால் எங்கள் தலையில் விழுந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

என் பெயர் மாசானம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். தாமிரபரணி கடலில் விழுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு அணை இருக்கிறது. அதற்குக் கீழே கால்வாய்க்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் கிடக்கிற கொடிக்கால்களில் ஒன்று என்னுடையது. கொடிக்கால் என்றால் அகத்தியை நெருக்கமாக வரிசை போட்டு வளர்த்து, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிட்ட தோட்டம். உள்ளே உச்சி வெயிலிலும் குளுகுளுவென்று இருட்டாக இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நுழைய மாட்டோம்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் இலைகளில் மஞ்சள் வளையத்துக்கு நடுவே கறுப்பாய்ப் புள்ளி விழும். என் அப்பா காலத்திலும் விழுந்தது. புள்ளி இலையை வீட்டுக்கு வைத்துக்கொள்வோம், நல்ல இலையைச் சந்தைக்குக் கட்டுவோம். வெயில் ஏறினால் தானாகப் போய்விடும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் அந்தச் சளிக்கு எவனாவது பெயர் சூட்டு விழா நடத்துவானா? நாங்களும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

மேற்கே மலையில் மிளகுக்கொடிகள் கருகிச் சாக ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை. ஒரு மலை, இரண்டு மலை அல்ல. கப்பல் கப்பலாய் மிளகு போன இடத்தில் கரிக்கட்டை நின்றது. ஏதோ பூஞ்சைக் காளானாம். சட்டம் போட்டார்கள். அந்தப் பூஞ்சை எந்த ஊரில் இருந்தாலும் அங்கே மிளகுக் குடும்பத்துச் செடி எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. கொளுத்திவிட்டுப் பன்னிரண்டு வருடம் மறுபடி நடக் கூடாது. எந்தப் பூஞ்சை எது என்று முடிவு சொல்ல ஒரு இயந்திரம். உலகத்துக்கே ஒன்று. பெயர்த் தீர்வகம் என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரில் பெயர் மணியம் என்பார்கள். பழைய மணியக்காரர் மாதிரி அது எழுதினால் எழுதினதுதான்.

எங்கள் ஊருக்கு மேலே பறக்கும் கருவிகள் சுற்ற ஆரம்பித்ததும் ஊர்க்கூட்டம் கூடியது. புள்ளி இலை ஒன்றுகூட அவற்றின் கண்ணில் படக் கூடாது என்று முடிவானது. கொடி கொடியாய்த் தடவிப் பார்த்துக் கிள்ளினோம். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினோம். எல்லாவற்றையும் செங்கல் சூளையில் போட்டோம். அந்த வாரம் எங்கள் இலை இருந்த சுத்தத்தைப் பார்த்துச் சந்தையில், "மருந்து அடிச்சியளோ?" என்று சந்தேகப்பட்டார்கள்.

அப்படியும் செவ்வாய்க்கிழமை அகத்தி மரங்களில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கொளுத்த வருவார்கள். எனக்கு எழுபத்து மூன்று வயது. அதோடு பன்னிரண்டைக் கூட்டிப் பார்க்க ஐந்தாம் வகுப்பு போதும்.

புதன்கிழமை ரெக்ஸலின் என்று ஒருத்தி வந்தாள். நாற்பது வயது இருக்கும். பூஞ்சைகளைப் படித்த டாக்டராம். தோளில் ஒரு தகரப்பெட்டி. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஐயா, ஒங்க கொடிக்கால்ல புள்ளி விழுந்த எல ஒண்ணு வேணும்."

எனக்கு உச்சி மண்டை சூடானது. "எரிக்கதுக்கு இன்னும் ஆதாரம் பத்தலையோ? இங்க புள்ளியும் கெடையாது, கோலமும் கெடையாது. போம்மா."

"எரிக்கதுக்கு இல்ல ஐயா. எரிக்காம இருக்கதுக்கு."

என் பெண்டாட்டி சண்முகவடிவு செம்பில் தண்ணீரோடு வந்தாள். "வந்த பிள்ளைய வெயில்ல நிறுத்தி வச்சா வக்கீல் மாதிரி கேள்வி கேப்பிய? நீ உள்ள வாம்மா."

ரெக்ஸலின் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஒங்க புள்ளிக்கு ஒரு பேரு இருக்கு. நூறு வருசத்துக்கு முன்ன ஒரு வெள்ளைக்காரர் இந்த அணைக்குக் கீழ உள்ள கொடிக்கால்ல ஒரு எலையப் பறிச்சிட்டுப் போயி, அதுல இருந்த பூஞ்சைக்குப் பேரு வச்சாரு. அந்த எலையச் சீமையில ஒரு பெட்டியில வச்சிருந்தாங்க. பூச்சி அரிச்சுட்டு. இப்ப பேரு மட்டுந்தான் இருக்கு. அது மிளகப் பிடிக்கிற பூஞ்சைதானா, வேறயான்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. அதனால அந்தப் பேருக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருந்தோம்."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. ஒனக்கு என்ன?"

"இருந்துது. இப்ப கேள்விக்குறி கூடாதுன்னுட்டாங்க. கப்பல்ல சரக்கு ஏத்துறவனுக்கு உண்டு, இல்ல, ரெண்டுல ஒண்ணு வேணும். பெயர்த் தீர்வகம் சந்தேகத்துல நிக்கிற பேரையெல்லாம் எடுத்துத் தீத்து வைக்குது. எந்தப் பேருக்கு ஆதாரமாக் கையில ஒரு மாதிரி எல இல்லையோ, அதக் கிட்டத்துல இருக்கிற இன்னொரு பேரோட சேத்துரும்."

"வாரிசு இல்லாதவன் சொத்து பங்காளிக்குப் போற மாதிரி," என்றாள் சண்முகவடிவு.

"அதேதான் அம்மா. ஒங்க புள்ளிய மிளகுக் கருகலோட சேத்துட்டு."

"சேத்தது யாரு? ஆளு பேரச் சொல்லு. போயிக் கேக்கேன்," என்றேன்.

"ஆளு இல்ல ஐயா."

"ஆளு இல்லாம தப்பு எப்படிம்மா நடக்கும்?"

அவள் செம்பைத் தரையில் வைத்தாள். எனக்கு அவள் மேலேயே சந்தேகம் போனது. மிளகுக் கம்பெனி அனுப்பின ஆளாக இருந்தால்? ஆதாரம் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் முதலில் தண்ணீர்தானே குடிக்கிறார்கள்.

"இதுல ஒனக்கு என்ன லாபம்? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"அந்தக் கேள்விக்குறிய வச்சது நான். படிச்சு முடிச்ச புதுசுல. என்னக் கேக்காமலே அத அழிச்சிருக்கு. அழிச்சுட்டு, ஆராய்ந்தவர்னு எம் பேரையே கீழ போட்டிருக்கு. வெள்ளிக்கிழம நெருப்பு வைக்கிறவன்ட்ட ஏன்னு கேட்டா எம் பேரத்தான் காட்டுவான்."

அவள் குரல் அப்போது கொஞ்சம் பிசகியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அதே எடம், அதே செடி, அதே புள்ளி. உசிரோட ஒண்ணு கெடச்சா, செல்லரிச்சுப் போன எலைக்குப் பதிலா இத ஆதாரமா வைக்கலாம். இது வேற பூஞ்சைனு தெரிஞ்சா சேத்தது பிரிஞ்சுரும்."

"ஒண்ணுதான்னு தெரிஞ்சா?"

"எரிப்பாங்க. இப்பவும் எரிக்கத்தான போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுது பழகாதவனுக்கு அந்த நேரத்தில் அதுதான் வரும். "சூளைச் சாம்பல்ல போயித் தேடும்மா. ஊரே சேந்து ஒண்ணு விடாம கிள்ளி எரிச்சாச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒன்னக் கூப்பிட்டுக் கேட்டுட்டு எரிக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம்வரை எங்கள் ஊர் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்ச் சம்சாரியும் செய்திருக்க மாட்டான். நோயைத் தேடி அலைந்தோம். நேற்றுவரை எந்தப் புள்ளியைக் கண்டால் நெஞ்சு அடைத்ததோ, அதற்காகக் கொடிக்குக் கொடி ஏணி வைத்து ஏறினோம். ஒருவன் சுண்ணாம்பு பட்டு வெந்த இலையைக் கொண்டுவந்தான். ஒருத்தி காக்காய் எச்சம் காய்ந்த இலையைப் பதறிப் பதறி ஏந்தி வந்தாள். தெற்குத் தெரு ஆண்டியப்பன் கொண்டுவந்த இலையில் அச்சு அசலாய்ப் புள்ளி. ரெக்ஸலின் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஊதுபத்தியால சுட்டிருக்கீங்க."

"ஆமா," என்றான் அவன், கூச்சமே இல்லாமல். "ஒங்க மிசினுக்கு வாசனை தெரியுமாக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. இருட்டுவதற்குள் எல்லோரும் அவரவர் கொடிக்காலிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்து கால்வாய்க் கரையில் உட்கார்ந்தோம். அப்போது சண்முகவடிவு மெதுவாகச் சொன்னாள்.

"கொம்பையா கொடிக்கால்ல இருக்குமே."

எல்லோருக்கும் அது முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை.

கொம்பையாவின் கொடிக்கால் என்னுடையதை ஒட்டினது. கால்வாய்த் தண்ணீர் முறையில் எங்களுக்குள் தகராறாகி, வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. நாங்கள் புள்ளி கிள்ளத் தொடங்குவதற்கு முந்தின நாள் அவன் பெண்டாட்டி இறந்துபோனாள். கொடிக்காலுக்குத் தீட்டு ஆகாது. சாவு வீட்டார் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை உள்ளே கால் வைக்க மாட்டார்கள். அந்தக் கொடிக்காலில் வேறு யாரும் இலை கிள்ளவும் மாட்டார்கள். மீறினால் கொடி வேரோடு அழுகும் என்பது எங்கள் நம்பிக்கை. அழுகி நான் பார்த்ததில்லை. பார்க்கிற அளவுக்கு எவனும் மீறினதில்லை.

அதனால் அவன் கொடிக்கால் மட்டும் அப்படியே நின்றது. பறக்கும் கருவி படம் பிடித்ததும் அங்கேதான். அறிவிப்பு ஒட்டின அன்றைக்கு யாரோ அவன் வாசலில் நின்று, "ஒம் பொண்டாட்டி போகும்போது ஊரையும் கூட்டிட்டுப் போறா" என்று சொல்லியிருக்கிறான். அந்த வாசலுக்குத்தான் வியாழக்கிழமை காலையில் ரெக்ஸலினை அழைத்துக்கொண்டு நான் போனேன்.

தாடியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

"வாரும். தண்ணி மொறைக்குச் சண்ட போட வந்தீரோ? இப்ப மொத்தத் தண்ணியும் ஓமக்குத்தான்."

"எல ஒண்ணு வேணும் கொம்பையா. புள்ளி எல."

விவரம் சொன்னேன். பாதிக்கு மேல் அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

"கொளுத்தட்டும் வே. அவளையே கொளுத்தியாச்சு. கொடி என்ன பெரிய கொடி."

"பன்னெண்டு வருசம் நட முடியாது. அதுக்குள்ள நான் போயிருவேன்."

"போரும். யாரு இருந்துட்டா?"

அவனிடம் கெஞ்சுவேன் என்று ஒரு மாதத்துக்கு முன்னால் எவனாவது சொல்லியிருந்தால் அவன் பல்லைத் தட்டியிருப்பேன். கெஞ்சினேன். இந்த ஊர் இலை விதை போட்டு முளைக்கிற சாதி இல்லை, தண்டை வெட்டி நட்டு வந்தது, எரிந்தால் வெட்டி நடத் தண்டு இருக்காது என்று அவனுக்குத் தெரிந்ததையே அவனுக்குச் சொன்னேன். வாய் வறண்டு நிறுத்தினேன்.

அவன் என்னை விட்டுவிட்டு ரெக்ஸலினைப் பார்த்தான்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கேன். அவளுக்கு என்ன நோயினு ஆஸ்பத்திரியில கடைசிவரைக்கும் ரெண்டு பேரு சொன்னாங்க. இதுவா இருக்கும், இல்லன்னா அதுவா இருக்கும்னு. ரெண்டுக்கும் வேற வேற மருந்து. ஒரே பேரா உறுதியாச் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?"

அவள் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஆறுதலாக எதையாவது சொல்லித் தொலைக்க மாட்டாளா என்று நான் தவித்தேன். காரியம் ஆக வேண்டுமே.

"தெரியல," என்றாள்.

கொம்பையா அந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டான். பிறகு துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

"நானே கிள்ளித் தாரேன். தீட்டு ஏற்கெனவே எனக்குத்தான இருக்கு. ஓம்ம கைக்கு எதுக்கு அது."

ரெக்ஸலின் காலில் பை மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாள். நோய் இருக்கிற இடத்துக்கு அதில்லாமல் போகக் கூடாது என்பது அவள் ஆபீஸ் விதியாம். கொடிக்கால் வாசலில் கொம்பையா அதைப் பார்த்தான். அவளே குனிந்து கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெறுங்காலோடு அவன் பின்னால் போனாள். நான் வெளியிலேயே நின்றேன். கொடி அழுகிவிடக் கூடாதே என்று ஒரு பயம். எரியப்போகிற கொடி அழுகினால் என்ன என்று இன்னொரு புத்தி.

திரும்பி வந்தபோது அவன் இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். மூன்று புள்ளிகள். மஞ்சள் வளையம், கறுப்பு நடு. அவ்வளவு அழகான நோயை நான் பார்த்ததில்லை.

"அவ கட்டுன கொடிதான்," என்றான். "கட்டு இன்னும் அவுழல."

ரெக்ஸலின் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, புள்ளியைச் சின்னதாக வெட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி முனகியது. அது படிக்கும், படித்ததை அனுப்பும், தீர்வகம் பார்க்கும் என்றாள். அன்றைக்கு ஊரில் யார் வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. என் கொடிக்கால் ஓரத்தில் போய் நின்றேன், வந்தேன், மறுபடி போனேன். ஒவ்வொரு கொடியாகத் தொட்டுப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறவர்களைக் கடைசியாகப் பார்ப்பது மாதிரி இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் ஓடி வந்தாள். "வேற ஐயா. ரெண்டும் வேற வேற. பிரிச்சுட்டு. கொளுத்துற உத்தரவ எடுத்தாச்சு."

சண்முகவடிவு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆண்டியப்பன் வெடி போட்டான். நான் கொம்பையா வீட்டுப் பக்கம் பார்த்து நின்றேன். நாளைக்கு ஒரு வார்த்தை பேசலாம் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்தது. நெருப்புக்காரர்கள் இல்லை. கம்பித்தூண்களும் வலைச்சுருளும் இறங்கின. கால்வாய் ஓரத்திலிருந்து தார்ச்சாலைவரை அளந்து, எங்கள் எல்லோருடைய கொடிக்கால்களையும் சேர்த்து ஒரே வளைப்பாகக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். ரெக்ஸலின் அவர்களோடு கத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வந்தாள். தலை வாரவில்லை.

"ஐயா, நேத்து வச்ச எல இப்ப அந்தப் பேருக்கு ஆதாரம். ஆதாரம் எடுத்த எடம் மாறாம இருக்கணும்னு ஒரு விதி. எடம்னா வெள்ளைக்காரர் எழுதுன பழைய குறிப்புல உள்ள எடந்தான். அதுல அணைக்குக் கீழ உள்ள கொடிக்கால்னுதான் இருக்கு, எந்தக் கொடிக்கால்னு இல்ல. அதனால மொத்தத்தையும் வளைக்காங்க. அந்த விதி எனக்குத் தெரியும். ஒரு செடி, ஒரு மரம்னுதான் இதுவரைக்கும் செஞ்சிருக்காங்க. இப்படி வரும்னு நெனைக்கல."

"எல கிள்ளலாமா?"

"கூடாது."

"தண்ணி?"

"தானா வந்தா வரலாம். பாய்ச்சக் கூடாது."

"மாசியில கொடிய எறக்கிக் கட்டணும். கட்டாட்டா..."

"செத்துரும். தெரியும் ஐயா. விடிய விடிய எழுதிப் போட்டேன். ஆளு பாக்காட்டா கொடி சாகும், கொடி செத்தா இந்தப் பூஞ்சையும் செத்துரும்னு எழுதினேன். மாதிரி எல பெட்டியில பத்திரமா இருக்கு, பேருக்கு ஆபத்து இல்லன்னு பதில் வந்துது."

"எத்தன வருசத்துக்கு இந்த வேலி?"

"காலம் போடல."

கொம்பையா பின்னால் நின்றிருக்கிறான். சிரித்தான். பெண்டாட்டி போனபின் அவன் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். "எரிச்சா பன்னெண்டு வருசம். காப்பாத்துனா கணக்கே கெடையாது. பாத்தீரா வே, சண்டைய வெலக்க வந்தவன் போட்ட அடிய."

நான் ரெக்ஸலினிடம் கேட்டேன். "அந்தப் பேரு என்ன? இத்தன பாடு பட்டதுக்கு அதையாவது சொல்லு."

சொன்னாள். நீளமாக, வாயில் நிற்காமல் போனது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதில் எங்கள் ஊர் இல்லை. வெற்றிலை இல்லை. அந்த வெள்ளைக்காரனுடைய சிநேகிதன் ஒருவன் பெயராம்.

"மேல்முறையீடு போட்டிருக்கேன் ஐயா. ஆளுங்க உள்ள வந்து வேலை செய்யவாவது விடுவாங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு."

"யாருட்ட போட்ட?"

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். "பெயர்த் தீர்வகத்துட்ட."

நல்ல பெண்தான். பொய் சொல்கிறாள் என்று இல்லை. என் கொடிக்கால் முதல் வரிசையில் ஒரு இளங்கொடி பிடி நழுவி வெளியே சரிந்து கிடந்தது. எட்டினால் எடுத்து அகத்தியோடு சேர்த்துவிடலாம். கையை நீட்டினேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவன், "பெரியவரே, தொடாதீங்க" என்றான், மரியாதையாகத்தான் சொன்னான்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"ஐயா, நம்புங்க. கட்டாயம் மாறும்," என்று ரெக்ஸலின் பின்னாலிருந்து சொன்னாள். சண்முகவடிவும் ஏதோ கூப்பிட்டாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையோடு நடந்தேன். தூண் அடிக்கிற சத்தம் கொஞ்ச தூரம்வரை கூடவே வந்தது. மாறுமாம். மாறட்டும், பார்க்கலாம்.